இருபத்தொரு லட்டும் இரண்டு பல்லும்

திருப்பதியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஏழு வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ரூம் இல்லை என்று சொல்லும்போதும் சிரிக்க வேண்டும். வெந்நீர் வரவில்லை என்று ஈரத் துண்டோடு இறங்கி வந்து கத்துகிறவரிடமும் சிரிக்க வேண்டும். அதனால் லீவு நாளில் யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, பக்கத்து ஆள் வாயைத் திறப்பதற்குள் கண்ணை மூடிக்கொள்வேன். வீட்டில் எனக்கு சிடுமூஞ்சி என்றுதான் பெயர். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

போன ஆனி மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குடுபல்லிப் பக்கம். நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்கு லாட்ஜ் நிரம்பி வழிந்ததால் முதலாளி லீவு தரவில்லை. தட்டு மாற்றி முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "பொண்ணோட அண்ணன் திருப்பதியிலதான இருக்கிறாராம். சீர்த்தட்டுல மலை லட்டு இருபத்தொண்ணு வெச்சிடுங்க. வேற எதுவும் நாங்க கேக்கல" என்று சொன்னாராம். நகை கேட்கவில்லை, பைக் கேட்கவில்லை. கேட்டது லட்டு. அதுவும் என் தலையில் வந்து விடிந்தது.

தங்கை தினமும் போன் செய்தாள். "ண்ணா, நிச்சயத்துக்கு வராத அண்ணன்னு ஏற்கெனவே அந்த வூட்ல பேசிக்கினு கீறாங்கோ. இதையும் கோட்ட விட்டேன்னா நான் அங்க போய் எப்பிடி தலை நிமிந்து நடக்கறது? இருபத்தொண்ணு. ஒண்ணுகூட கொறையக் கூடாது. என் மானம் உன் பையில கீது, பாத்துக்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் கம்மியது. எப்போதும் என்னோடு சரிக்குச் சரி வாயாடுகிறவள் அவள்.

திருப்பதியில் இருப்பவர்கள் மலைக்குப் போவதில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஏழு வருடத்தில் நான் மலை ஏறியது ஒரே ஒரு தடவை. ஊரில் யார் லட்டு கேட்டாலும், "இப்ப கூட்டம், அடுத்த மாசம்" என்று தட்டிக் கழித்தே காலத்தை ஓட்டியவன். தங்கைக்காக, கூட வேலை செய்யும் இரண்டு பேரையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். வரிசையில் நின்று நின்று கால் வீங்கி, அவர்கள் பங்கையும் வாங்கிச் சேர்த்து, சரியாக இருபத்தொன்று ஆக்கினேன்.

வாங்கியது பெரிதில்லை. ஊர்போய்ச் சேர்க்க வேண்டுமே. எங்கள் பக்கத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. கையில் பிரசாதம் வைத்திருக்கிறவன், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. விரோதி கேட்டாலும் ஒரு விள்ளல் கிள்ளிக் கொடுத்தே ஆக வேண்டும். பிழைக்க ஒரே வழி, யாரும் கேட்காதபடி பார்த்துக்கொள்வது. ஒவ்வொரு லட்டையும் பேப்பரில் சுற்றினேன். மொத்தத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டேன். அதன்மேல் லாட்ஜ் டவல். அதன்மேல் ஒரு பெரிய துணிப்பை. நெய்யும் ஏலக்காயும் பச்சைக் கர்ப்பூரமும் கலந்த அந்த வாசனை அப்போதும் அடங்கவில்லை. மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் நான்கு கட்டு புதினா வாங்கி மேலே அடைத்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை பத்தரைக்கு, புத்தூர், எங்கள் ஊரான கார்வேட்டிநகரம் வழியாகப் பள்ளிப்பட்டு போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தில் வந்து இறங்குவார்கள். அதற்குள் தட்டு தயாராக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரப் பயணம்தானே என்று கண்ணை மூடினேன்.

டொக், டொக், டொக் என்று காதுக்குப் பக்கத்தில் சத்தம். கண்ணைத் திறந்தால் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். கையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஓர் இரும்பு உரல். அதில் வெற்றிலை பாக்கோடு கொஞ்சம் புகையிலையும் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் சிரித்தார். வாயில் மொத்தம் இரண்டே பல். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காத இடத்தில் இருந்தன.

"இன்னா நைனா, எந்தூரு?"

எங்கள் பக்கம் பெற்ற அப்பனும் நைனாதான், பெரியவர்கள் பிரியமாகக் கூப்பிடும் பிள்ளையும் நைனாதான். நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். அவர் விடுகிற ஜாதி இல்லை.

"பையில இன்னா கீது?"

"புதினா."

"அடில?"

"அடிலயும் புதினாதான்."

"இம்மாம் புதினா இன்னாத்துக்கு?"

"கல்யாணத்துக்கு" என்று வாயை விட்டேன். விட்ட நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"யாருக்குக் கல்யாணம்?"

"தங்கச்சிக்கு."

"அப்ப உனுக்கு ஆயிடுச்சா?"

"இல்ல."

அவர் இடிப்பதை நிறுத்திவிட்டு, சீட்டில் முழுசாகத் திரும்பி பஸ்ஸுக்கே அறிவித்தார். "கேட்டீங்களா இந்தக் கதைய? தங்கச்சிக்கு ஆவுதாம். அண்ணனுக்கு இன்னும் ஆவலயாம்!"

அவ்வளவுதான். பின் சீட்டிலிருந்த ஒரு தெலுங்கு அம்மாள், "அய்யய்யோ, எந்துகு பாபு?" என்று கன்னத்தில் கை வைத்தார். ஏன் என்று நான் என்னத்தைச் சொல்வது? எனக்கு வயது என்ன, வேலை என்ன, சொந்த வீடு உண்டா என்று ஒவ்வொரு சீட்டிலிருந்தும் கேள்வி வந்தது. "தலையில முடி முன்னாடி கொட்டிக்கினே கீது, சீக்கிரம் பாக்கணும்" என்று யாரோ சொன்னார்கள். அதற்கு எதிர் சீட்டிலிருந்து ஒருவர், "அத எங்கள வெச்சிக்கினு சொல்லாதீங்க" என்றார். அவரும் அவர் மனைவியும், மாமியாரும், இரண்டு சின்னப் பெண்களுமாக ஐந்து பேர். ஐந்து தலையும் புதுசாக மொட்டை, சந்தனம் பூசி மஞ்சளாகப் பளபளத்தன. பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கண்டக்டர்கூட என் டிக்கெட்டைக் கிழிக்கும்போது, "ராமகுப்பத்துல எங்க சித்தப்பா பொண்ணு ஒண்ணு கீது சார்" என்றார்.

வடமாலப்பேட்டை தாண்டுவதற்குள் எனக்கு மூன்று பெண் பார்த்துவிட்டார்கள். சாப்பாடும் போட்டார்கள். பின் சீட்டு அம்மாள் டிபன் டப்பா மூடியில் புளியோதரை வைத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். "தினு பாபு, தினு" என்று தோளில் இடித்தார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. மொட்டைக் குடும்பத்து அம்மா முறுக்கு கொடுத்தார். பெரியவர் தன் துண்டின் முடிச்சிலிருந்து வேர்க்கடலை எடுத்து என் கையில் கொட்டினார். மொட்டைக் குடும்பத்து மாமியார் என்னிடம், "எங்க லட்டு மூட்ட கீழ டிக்கில மாட்டிக்கிச்சுப்பா, இல்லன்னா உனுக்கு ஒண்ணு குடுத்திருப்பேன்" என்று வருத்தப்பட்டார். வாயில் புளியோதரையோடு, மடியில் இருபத்தொரு லட்டோடு, "பரவாயில்ல ஆயா" என்றேன். எனக்கே கொஞ்சம் கேவலமாக இருந்தது. பையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

புத்தூர் தாண்டிக் கார்வேட்டிநகரம் ரோட்டில் திரும்பியதும் பஸ் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். அந்தச் சீசனில் எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. மூக்கு வளைந்த தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள், மாம்பழக் கூழ் போடும் ஃபேக்டரி வாசலிலிருந்து கண்ணுக்கு எட்டின மட்டும் வரிசை கட்டி நிற்கும். அன்றைக்கு ஒரு டிராக்டர் வரிசையை முந்தப் பார்த்து, எதிரே வந்த லாரியோடு முட்டிக்கொண்டு ரோட்டைக் குறுக்கே அடைத்திருந்தது. மணி பன்னிரண்டு. ஜன்னலைத் திறந்தால் மாங்காய் வாசனையோடு அனல்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து ஃபைலும் எக்ஸ்ரே கவருமாகத் திரும்பிக்கொண்டிருந்தவர், திடீரென்று கம்பியில் சாய்ந்தார். முகமெல்லாம் வேர்வை, கை வெடவெடவென்று நடுங்கியது. பின் சீட்டு அம்மாள் ஓடிப்போய் பிடித்துக்கொண்டார். "சுகர் மாத்திர போட்டுக்கினு எதுவும் துன்னலயாம்! யார்கிட்டயாவது இனிப்பு கீதா? சீக்கிரம்!" என்று கண்டக்டர் கூவினார். புளியோதரை தீர்ந்துபோயிருந்தது. முறுக்கு உதவாது. மொட்டைக் குடும்பத்தின் லட்டு மூட்டை டிக்கியில் அடியில் கிடந்தது.

பெரியவர் உரலைக் கீழே வைத்தார். என் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த மூக்குக்குப் புத்தூருக்கு முன்னாலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது, பாவி மனுஷன்.

புதினாவை வாரிச் சீட்டில் போட்டேன். டவலைப் பிரித்து ஒரு லட்டை எடுத்துப் பாதியை உடைத்து அந்த அம்மாள் வாயில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, "யாருப்பா நீ, நல்லா இருப்ப" என்றார். நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பை திறந்துவிட்டதே. அந்த வாசனை டிரைவர் சீட்டிலிருந்து கடைசி சீட்டுவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. செருப்பைக் கழற்றியபடி ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"மலை லட்டா! புதினான்னு சொன்னியே நைனா" என்றார் பெரியவர். கோபமாக இல்லை. ஏதோ நான் வேடிக்கை காட்டியதுபோல மகிழ்ச்சியாகச் சொன்னார்.

"இது வந்து... வேற ஒருத்தங்களுக்கு..." என்று இழுத்தேன்.

"பிரசாதம் லேதுன்னு செப்பகூடது பாபு" என்றார் பின் சீட்டு அம்மாள். இல்லை என்று சொல்லக் கூடாதாம். அவர் புளியோதரை என் வயிற்றில் இருக்கிறது. எந்த வாயால் இல்லை என்பேன்? ஒன்றை உடைத்து ஆளுக்கு ஒரு விள்ளல் கொடுத்தேன். போதவில்லை. இன்னொன்று. டிரைவரும் கண்டக்டரும் வந்தார்கள். இன்னொன்று. அத்தோடு முடியும் என்று பார்த்தால், விள்ளலைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டவர்கள் மெதுவாகத் தலையைச் சொறிந்தார்கள். "வூட்ல மாமனார் படுக்கையா கீறாரு..." "பொண்ணு மாசமா கீது..." "எங்க அத்த மலைக்குப் போயி இருவது வருசமாச்சு..." படுக்கையில் இருக்கிறவருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிரசாதத்தில் விள்ளல் கொடுத்து அனுப்ப முடியுமா? முழுசு முழுசாகப் போயிற்று. பெரியவர், "எங்கூட்டுக் கெழவிக்கு ஒண்ணு குடு நைனா" என்று வாங்கி, கண்ணில் ஒற்றி, ஒரு நொடி யோசித்து, கிழவியை மறந்து ஒரு கடி கடித்தார். அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. பையில் கைவிட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

"போதும்! நிறுத்துங்க!" என்று கத்தினேன். லாட்ஜில் ஏழு வருடமாக அடக்கி வைத்த கத்தல் மொத்தமும் சேர்ந்து வந்தது. "இருபத்தொண்ணு கொண்டாந்தேன்! என் தங்கச்சி சீர்த்தட்டுக்கு! மாப்பிள்ள வூட்ல கேட்டது இது ஒண்ணுதான்! அஞ்சு மணிக்கு அவங்கோ வந்து எண்ணப்போறாங்கோ! நீங்க துன்றது லட்டுன்னு நெனச்சிக்கினு கீறீங்களா? என் தங்கச்சி மானத்த துன்றீங்க!"

வாயில் விள்ளல் வைத்திருந்த ஒரு பெண் விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னம் உப்பியபடி என்னைப் பார்த்தாள். பெரியவர் கடித்த லட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் கண்டக்டர் மெல்ல. சொல்லியிருக்கலாம். புதினா என்றல்லவா சொன்னேன்? அதை நினைத்ததும் கோபம் இன்னும் ஏறியது. பையை சீட்டில் போட்டுவிட்டு, படி இறங்கி ரோட்டோரம் நடந்தேன்.

புளிய மரத்தடியில் டிராக்டரை நிறுத்திவிட்டு ஒரு விவசாயி தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அந்த வரிசையிலேயே கிடக்கிறாராம். முகத்தைப் பார்த்தே, "இன்னா தம்பி, யார் மேல இவ்ளோ கோவம்?" என்றார். கொள்கையாவது மண்ணாவது, யாரிடமாவது கொட்டித் தீர்த்தால் போதும் என்று இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு மாங்காயை அறுத்து, உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டு என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார். "குடுத்துட்டும் திட்டியிருக்கிற. ஒண்ணு குடுக்காமலே திட்டியிருக்கணும், இல்ல குடுத்துட்டு சும்மா இருந்திருக்கணும். ரெண்டும் பண்ணா உனுக்கு லட்டும் போச்சு, புண்ணியமும் போச்சே?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் கொடுத்த துண்டைக் கடித்தேன். மாங்காய் புளிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. மாங்காயால்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். தங்கை மருதாணிக் கையோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவளிடம் என்ன சொல்வது? பஸ்ஸில் எல்லோரும் நல்லவர்கள், அதனால் உன் லட்டு போய்விட்டது என்றா?

இரண்டே கால் மணிக்கு ஹாரன் அடித்தது. எழுந்தபோது விவசாயி என் இரண்டு கையிலும் மாங்காயாக அடுக்கினார். "வெல கேக்க ஆளில்ல தம்பி, கல்யாணத்துலயாவது யாராவது துன்னட்டும்." பஸ்ஸில் ஏறினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே, பார்க்க எதுவுமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பை பெரியவர் மடியில் இருந்தது. புதினாவை மறுபடி அடுக்கி, நான் கட்டாத விதமாக இறுக்கிக் கட்டியிருந்தார். மாங்காய்களை வாங்கி முடிச்சின் இடுக்கு வழியாக உள்ளே திணித்து, பையை என் மடியில் வைத்தார். கனத்தது. இந்த மாங்காய் வேறு, என்று எரிச்சல் பட்டேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் அவர் உரலை எடுத்து இடிக்க ஆரம்பித்துவிட்டார்.

கார்வேட்டிநகரத்தில் இறங்கும்போது ஒருவரும் போய் வா என்று சொல்லவில்லை. பெரியவர் மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கல்யாணம் ஜோரா நடக்கும் நைனா, போய்க்கினு வா" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மண்டபத்தில் நுழையும்போது மணி மூன்றரை. இருபது தட்டு வரிசையாக ஜொலித்தது. நடுவில் ஒரு பெரிய வெள்ளித் தட்டு காலியாக இருந்தது. தங்கை இரண்டு கையிலும் மருதாணியோடு, எதையும் தொட முடியாமல் முழங்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். "வந்துட்டியா! கொண்டாந்தியா?"

"ஒரு நிமிசம், தனியா வா, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"அப்பறம் சொல்லு. சித்தி! அண்ணன் லட்டு கொண்டாந்துட்டாரு!"

சித்தி பையைப் பிடுங்கினார். சித்தியிடமிருந்து எதையும் திரும்ப வாங்க எங்கள் குடும்பத்தில் இதுவரை யாராலும் முடிந்ததில்லை. மாங்காயை உருட்டிவிட்டார், புதினாவை வீசினார். நைனா, அம்மா, சமையல்காரர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். சித்தி ஒவ்வொன்றாக எடுத்து, சத்தம் போட்டு எண்ணித் தட்டில் வைத்தார். தங்கை கூடவே உதட்டை அசைத்து எண்ணினாள்.

"ஏழு... எட்டு..." ஒன்பதோடு பை காலியாகும். தங்கை என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையை எப்படித் தாங்குவது? "ஒம்பது" என்றார் சித்தி. நான் தரையைப் பார்த்தேன்.

"பத்து. பதினொண்ணு."

தலையைத் தூக்கினேன். சித்தி கையில் இருந்த லட்டு நான் சுற்றிய பேப்பரில் இல்லை. ஒரு கைக்குட்டையில் இருந்தது. அடுத்தது ஒரு மந்தார இலையில். அடுத்தது ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டில். படுக்கையில் இருக்கும் மாமனாருக்கு வாங்கியது, மாசமாக இருக்கும் பெண்ணுக்கு வாங்கியது. எங்கள் பக்கத்து ஜனங்கள் முழுசாக வாங்கிய பிரசாதத்தை வழியில் தின்பதில்லையே, வீட்டுக்குத்தானே முடிந்துகொண்டு போவார்கள், அதை எப்படி மறந்தேன்? ஒவ்வொருவரும் மடியிலிருந்து அவிழ்த்துத் திரும்ப வைத்திருக்கிறார்கள். கடைசி ஐந்து சந்தனம் ஒட்டிய ஒரு மஞ்சள் துணியில் மொத்தமாகக் கட்டியிருந்தது. அந்த வெயிலில் டிக்கியைத் திறந்து, மூட்டையை இழுத்துப் பிரித்திருக்கிறார்கள்.

"இருவது. இருவத்தொண்ணு!" என்றார் சித்தி. தங்கை மருதாணிக் கையை மறந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டை. இன்றைக்கும் அந்தச் சிவப்புப் போகவில்லை.

"ஏன்ணா சிரிக்கிற?" என்றாள். எனக்கே தெரியவில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று.

"இரு இரு, அடில இன்னோண்ணு கீது" என்று சித்தி பையைக் கவிழ்த்தார். வேர்க்கடலைத் தோல் ஒட்டிய ஒரு துண்டுக் கிழிசலில் சுற்றி, ஒரு லட்டு வந்து விழுந்தது. ஒரு ஓரத்தில் கடி. மேலே ஒரு பல் தடம், கீழே ஒரு பல் தடம்.

"அய்யோ, எச்சி!" என்று சித்தி கையை உதறினார். "சீர்த்தட்டு லட்டக் கடிச்சது எந்த ராட்சசன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா, "முப்பத்தி மூணு வயசாவுது, நாக்க அடக்கத் தெரியல பாரு" என்று சமையல்காரரிடம் சொன்னார். தங்கை, "தீனிக்கு அலைஞ்சான், போனாப் போவட்டும்" என்று சிரித்தாள். நான் அந்த லட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துப் பின்பக்கம், அடுப்புப் புகை வரும் இடத்தில் போய் நின்றேன். கடித்த இடத்திலிருந்தே தின்ன ஆரம்பித்தேன். அதில் லேசாகப் புகையிலை வாசனை அடித்தது. ஒரு பூந்திகூடக் கீழே விழாமல் முழுசையும் தின்றேன்.